பால் சிந்தாத வேகம்

போன ஆண்டுத் திருவிழாவில் அக்கா ஏறக்குறைய வெறுங்குடத்தோடுதான் கோயிலுக்குள் நுழைந்தாள். ஆற்றங்கரையில் கழுத்துவரை ஊற்றிய பால், சன்னிதியில் மஞ்சள் துணியை அவிழ்த்தபோது அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு இருந்தது. மீதியெல்லாம் அவள் தலையிலும் தோளிலும் சேலையிலும் வழிந்து காய்ந்துபோயிருந்தது. பூசாரி குடத்தை வாங்கிக் கவிழ்த்தார். அவளுக்கு அறுபத்தொரு வயது. அந்தக் கோயிலில் நாற்பது ஆண்டுகளாகப் பால்குடம் எடுக்கிறாள்.

குற்றம் யாருடையதும் இல்லை. எங்கள் கோயிலில் தேரும் பால்குடமும் ஒரே ஊர்வலம். ஊர் ரப்பர் எஸ்டேட்டாக இருந்த காலத்தில் திருவிழாவுக்கு அரை நாள்தான் லீவு கிடைக்குமாம். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்துவிட்டார்கள். எஸ்டேட் போய் இப்போது செம்பனை என்கிற எண்ணெய்ப்பனையும் வீடுகளும் வந்துவிட்டன. கோயில் அதே இடத்தில் இருக்கிறது, வழக்கமும் அப்படியே இருக்கிறது. தேரின் பின்புறம் ஒரு மஞ்சள் கயிறு கட்டியிருக்கும். முதல் குடம் எடுக்கும் பெண் ஒரு கையால் குடத்தையும் மறு கையால் அந்தக் கயிற்றையும் பிடித்துக்கொண்டு வர வேண்டும். கயிறு தொய்யலாம். கையை விடக் கூடாது. ஆகவே தேர் என்ன வேகமோ, அதுதான் அறுபது எழுபது பெண்களின் வேகம். சில ஆண்டுகளாகத் தேரை இழுத்தது வாடகை லோரி. அதைவிட மெதுவாகப் போனால் கிளட்ச் கருகிவிடும் என்றார் ஓட்டுநர். அவர் சொன்னது உண்மை. பெண்கள் ஓடினார்கள். பால் சிந்தியது.

இந்த ஆண்டு கோயில் தலைவர் பதவிக்கு அக்கா நின்று ஜெயித்தாள். முதல் கூட்டத்திலேயே எழுந்து, லோரி வேண்டாம், என் தம்பி வீட்டில் டிராக்டர் இருக்கிறது, இந்த வருசம் அதுதான் தேர் இழுக்கும் என்று சொல்லிவிட்டாள். லோரிக்காரருக்கு அங்கேயே போன் போட்டு வேண்டாம் என்றும் சொல்லிவிட்டாள். அந்தத் தம்பியான எனக்கு மறுநாள்தான் தெரியும்.

என் வீட்டில் டிராக்டர் இருந்தது உண்மை. ஆனால் அன்றைக்கு அது முந்நூற்றுப் பன்னிரண்டு துண்டுகளாக இருந்தது.

அதை நான் சுங்காய் ஊருக்கு அப்பால் ஒரு சின்னத் தோட்டக்காரரிடமிருந்து வாங்கி இரண்டு ஆண்டு ஆகியிருந்தது. செம்பனைக்கு நடுவே தகரக் கொட்டகையில் நின்றது. இருக்கையில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. வண்டி என்னைவிட மூத்தது, அக்காவைவிட இளையது. எங்கள் எஸ்டேட்டில் ரப்பர் பால் தொட்டி இழுத்த டிராக்டரும் இதே வகைதான், ஆனால் இது அது இல்லை. இதை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். யாரும் கேட்பதாக இல்லை.

ஈப்போவில் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடம் ஒன்றில் எனக்கு வேலை. போத்தல், சீட்டு, எண் என்று இருபத்தெட்டு ஆண்டுகள். வீட்டிலும் அதே பழக்கம்தான். தினமும் நாட்குறிப்பு எழுதுகிறேன்; டிராக்டருக்கென்று தனியாக ஒரு நீல அட்டை நோட்டு வைத்தேன். கழற்றிய ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு சீட்டு, சீட்டில் எண், நோட்டில் அதே எண்ணுக்கு ஒரு படம். சிறிய சாமான்கள் பால்மாவு டின்களில் இருந்தன. என் கை எப்போதும் கிரீஸாக இருந்ததால் சீட்டு எழுதுவது மனைவி. அவள் கையெழுத்து அச்சடித்தது போல இருக்கும்.

முதல் நாளே ஒரு சண்டை. நான் ‘இடது’ என்றேன். எந்த இடது என்று கேட்டாள். இருக்கையில் உட்கார்ந்து பார்த்தால் ஒரு இடது, மூக்குக்கு எதிரே நின்று பார்த்தால் வேறு இடது. நான் இருக்கையில் உட்கார்ந்தபடி பேசினேன், அவள் எதிரே நின்றபடி எழுதினாள். ஒன்பது சீட்டுகளைக் கிழித்துப் போட்டோம். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். எஸ்டேட்டில் யாரும் இடது வலது என்று சொல்ல மாட்டார்கள். ஆத்துப் பக்கம், ஸ்டோர் பக்கம், கோயில் பக்கம் என்றுதான் சொல்வார்கள். எங்கள் வீடு வரிசையின் கடைசி வீடு. பக்கத்தில் கொஞ்சம் நிலம் உண்டு. அதில் கூரை போட்டு, டிராக்டரை வேலியை ஒட்டி நீளவாக்கில் நிறுத்தியிருந்தோம். அதன் ஒரு பக்கம் கேட்டு, மறு பக்கம் அடுப்படி.

“கேட்டுப் பக்கம், அடுப்படிப் பக்கம்னு எழுதிறலாம்,” என்றாள். “கேட்டும் அடுப்படியும் எடம் மாறாதுல்ல?”

மாறாது. அருமையான யோசனை என்று நோட்டில் எழுதி அடிக்கோடும் போட்டேன். அந்த அடிக்கோடு இன்னும் இருக்கிறது.

அக்கா வாக்குக் கொடுத்துவிட்டு வந்தபோது திருவிழாவுக்கு நான்கு மாதம் இருந்தது. கூரைக்குக் கீழே வந்து நின்று டின்களையும் சீட்டுகளையும் பார்த்தாள். இருக்கை எது என்று கேட்டாள். காட்டினேன். அதைக் கீழே போட்டு அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

“இதெல்லாம் ஒண்ணாச் சேருமாடா?”

“சேரும்.”

“மெதுவாப் போகுமா?”

அதுதான் சிக்கல். டிராக்டரின் ஆகக் குறைந்த கியரும் நடைக்கு அதிகம். உழவுக்குச் செய்த வண்டி அது, குடம் தூக்கியவர்களுக்குச் செய்ததில்லை. எவ்வளவு மெதுவாகப் போனால் பால் சிந்தாது என்று யாருக்கும் தெரியாது. தெரியாததை அளந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும் என்றேன். அக்கா என்னைப் பார்த்து, நீ திருந்தவே மாட்டே லா என்றாள்.

மூன்று மாலை அளந்தோம். மனைவி, அக்கா, எதிர்வீட்டுப் பெண்மணி மூவரும் தலையில் பித்தளைக் குடத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு வரிசையாக வர, நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி முன்னால் நடந்தேன். எங்கள் கேட்டிலிருந்து தெருமுனை விளக்குக் கம்பம்வரை ஒரு நடை. ஒவ்வொரு நடைக்கும் முன்னும் பின்னும் குடத்துக்குள் மரக்குச்சி விட்டு நீர்மட்டம் குறித்தேன். மூன்று நிமிடத்தில் போனால் இரண்டு விரல் சிந்தியது. மூன்றரையில் அரை விரல். நான்கு நிமிடத்தில் ஒரு சொட்டும் சிந்தவில்லை. ஐந்து நிமிடம் எடுத்தால் மறுபடி சிந்தியது. மிக மெதுவாக நடந்தால் ஆள் தள்ளாடுகிறது. இது எனக்கு வியப்பாக இருந்தது. ஸ்கூட்டரில் போன மலாய்க்கார அண்டைவீட்டார் ஒருவர் நிறுத்தி, நம் தெருவில் மட்டும் தண்ணீர் நின்றுவிட்டதா என்று கவலையோடு விசாரித்தார். மனைவி குடத்தோடு சிரித்ததில் அந்த நடையின் கணக்கு கெட்டது. அதைத் தள்ளுபடி செய்தேன்.

ஆக, நான்கு நிமிடம். அந்த வேகத்துக்கு டிராக்டரைக் கொண்டுவர ஒரே வழி, அதன் கியர்பாக்ஸுக்கு முன்னால் இன்னொரு கியர்பாக்ஸை வைப்பது. முதல் பெட்டி வேகத்தைக் குறைத்து இரண்டாவது பெட்டிக்குக் கொடுக்கும், அது இன்னும் குறைத்துச் சக்கரத்துக்குக் கொடுக்கும். ஒரு பழைய சின்ன லோரியின் கியர்பாக்ஸைப் பழைய இரும்புக் கடையில் கண்டுபிடித்தேன். அதை டிராக்டருக்குள் பொருத்துவதற்கு லேத்துப் பட்டறைக்குப் போனேன்.

பட்டறை வைத்திருப்பவர் எழுபதைத் தொடும் சீனர். சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் தகரக் கூரை. அவர் அப்பா ஓர் எஸ்டேட்டில் மளிகைக்கடை வைத்திருந்ததால் தமிழ் எங்களைப் போலவே பேசுவார். எல்லோருக்கும் அவர் தவுக்கே, அதாவது முதலாளி. என் படங்களை ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தார்.

“தம்பி, இது மாடு மாதிரி லா. ஒரு வயிறு பத்தலன்னு இன்னொரு வயிறு வைக்கிறே.”

முடியுமா என்று கேட்டேன். மாட்டுக்கு நாலு வயிறு இருக்கிறது, இரண்டுக்கே ஏன் பயப்படுகிறாய் என்றார். ஐந்து வாரத்தில் இரும்புச் சட்டமும் இணைப்புத் தண்டும் செய்து கொடுத்தார். நான் கேட்ட அளவுக்கும் அவர் செய்த அளவுக்கும் முடி அளவு வித்தியாசம்கூட இல்லை. அதை அவரிடம் சொன்னபோது, அளந்து பார்த்தாயா என்று கோபித்துக்கொண்டார்.

எஞ்சினையும் இரண்டு பெட்டிகளையும் சட்டத்தில் ஏற்றியபோது டிராக்டர் முன்பைவிட ஒன்றே முக்கால் அடி நீளமாகிவிட்டிருந்தது. அக்கா வந்து பார்த்தாள். பஸ் மாதிரி நீட்டிட்டியே, டிக்கெட் கிழிக்கப் போறியா என்று கேட்டாள். ஆனால் அன்று அவளுக்கு ஆர்வம் வந்துவிட்டது. முதல் பெட்டி என்ன செய்யும், இரண்டாவது பெட்டி என்ன செய்யும் என்று கேட்டாள். நான் சொன்னேன். நான் சொல்ல ஆரம்பித்தால் நீளும். மனைவி உள்ளே போய் கோப்பி கலக்கி, ஆற்றி, கொண்டுவந்து வைத்து, அது ஆறிப் போகும்வரை சொன்னேன். அக்கா கேட்டுக்கொண்டே பூ கட்டினாள். கேட்கிறாள் என்று நான் நினைக்கவில்லை.

அடுத்தது பெயின்ட். பின்சக்கரங்களும் பின்னச்சின் உள்சாமான்களும் இல்லாத உடலை உருளை பூட்டிய பலகைமேல் வைத்து, அக்கம்பக்கத்து ஆண்கள் நால்வரோடு தெருவுக்குத் தள்ளிக்கொண்டுபோய் ஸ்ப்ரே அடித்தோம். சிவப்பு. மூன்றாவது பூச்சு காய்ந்த அரை மணியில், எங்கள் ஊரின் நாலு மணி மழை இருட்டிக்கொண்டு வந்தது. அவசரமாக உள்ளே தள்ளினோம். மூக்கு முதலில் போனது. கேட்டை இழுத்துச் சாத்தவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. ஐந்து பேரும் கூரைக்குக் கீழே நின்று, ஒரு துளி படாத சிவப்பைப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தோம். அன்றைய குறிப்பு இது: ‘மழைக்கு முன் உள்ளே சேர்த்தாயிற்று. பெயின்ட் பத்திரம். வண்டி இப்போது தலைமாடு கால்மாடாக நிற்கிறது.’

நானே எழுதியதுதான். எழுதிவிட்டு நோட்டை மூடி வைத்தேன்.

பின்னச்சைத் திரும்பப் பூட்ட பதினொரு நாள் பிடித்தது. அதற்குள்ளே ஒரு பெரிய பல்சக்கரம் இருக்கிறது. கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சியைச் சக்கரங்களுக்குத் திருப்பிவிடுவது அதுதான். அது நடுவிலிருக்கும் சின்னப் பல்சக்கரத்தின் ஒரு பக்கத்தில் உட்கார வேண்டும். எந்தப் பக்கம் வைத்தாலும் பொருந்தும். பொருந்தாமல் இருந்திருந்தால் தப்பித்திருப்பேன். மனைவி சீட்டைப் பார்த்து, கேட்டுப் பக்கம் என்று படித்தாள். கேட்டுப் பக்கமே வைத்தேன். முந்நூற்றுப் பன்னிரண்டு சாமானும் பூட்டி முடித்தபோது டின்களில் ஒரு நட்டுகூட மிச்சம் இல்லை. அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம்.

திருவிழாவுக்கு ஐந்து நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை, முதல் ஓட்டம். அக்கா சூடமும் நான்கு எலுமிச்சம்பழமும் கொண்டுவந்தாள். பழைய கோயில் தலைவரும் வந்தார். அக்காவிடம் தோற்றவர் அவர்தான். லோரி பேசிக் கொடுத்துக்கொண்டிருந்தவரும் அவர்தான். தெருவில் பாதிப் பேர் வேலியோரம் நின்றார்கள். அக்கா நான்கு சக்கரத்துக்கும் முன்னால் ஒவ்வொரு பழம் வைத்து, சூடம் காட்டி, ஒதுங்கி நின்றாள்.

எஞ்சின் மூன்றாவது முயற்சியில் பிடித்தது. புகைக்குழாயிலிருந்து ஒரு கரும்பந்து போல புகை வந்து, பிறகு வெளுத்தது. அந்தச் சத்தத்தை எத்தனையோ முறை மனத்தில் கேட்டிருக்கிறேன். நேரில் அதைவிட நன்றாக இருந்தது. லோரிப் பெட்டியை இரண்டாவது கியரில் போட்டேன். டிராக்டர் பெட்டியை முதல் கியரில் போட்டேன். கிளட்சை மெதுவாக விட்டேன்.

வண்டி பின்னால் போனது.

கியரைத் தவறாகப் போட்டேன் என்று நினைத்து அடுத்த முன்கியருக்கு மாற்றினேன். இன்னும் வேகமாகப் பின்னால் போனது. மனைவியின் போகேன்வில்லா தொட்டியைச் சாய்த்து, துணிக்கொடியை அறுத்துக்கொண்டு, என் ஆய்வுக்கூடச் சட்டை இரண்டை முதுகில் போர்த்தியபடி நின்றது. நான்கு எலுமிச்சம்பழமும் வைத்த இடத்திலேயே, கீறல்கூட இல்லாமல் இருந்தன.

வேலியோரத்தில் சிரிப்பு. நானும் சிரித்திருப்பேன், அக்காவின் முகத்தைப் பார்க்காமல் இருந்திருந்தால். பழைய தலைவர் கேலியாகக்கூட இல்லாமல், ரொம்ப மரியாதையாகக் கேட்டார்.

“ஏம்மா தலைவரம்மா, இந்த வருசம் சாமி கோயில்லேர்ந்து ஆத்துக்குப் போவுதா?”

அக்கா குனிந்து நான்கு பழத்தையும் பொறுக்கி முந்தானையில் போட்டுக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

தவறைக் கண்டுபிடிக்க நேரம் ஆகவில்லை. மனைவி நோட்டைத் திறந்து, மழை நாள் குறிப்பை எடுத்து என் முன்னால் வைத்து, ‘தலைமாடு கால்மாடாக’ என்ற சொல்மேல் விரலை வைத்தாள். கேட்டும் அடுப்படியும் இடம் மாறவில்லை. வண்டிதான் திரும்பியிருந்தது. பெரிய பல்சக்கரம் எதிர்ப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தது. அதனால் முன்கியர் எல்லாம் பின்னால் ஓட்டும், பின்கியர் மட்டும் முன்னால் ஓட்டும். டிராக்டரின் பின்கியரோ முதல் கியரைவிட வேகம். பிரித்துத் திருப்பிப் பூட்ட எப்படிப் பார்த்தாலும் எட்டு நாள். இருப்பது ஐந்து. லோரிக்காரர் சித்தியவானில் வேறு கோயிலுக்கு ஒப்புக்கொண்டுவிட்டார்.

அடுப்படியில் அக்கா அந்த எலுமிச்சம்பழங்களைப் பிழிந்துகொண்டிருந்தாள். நான் போய் வாசற்படியில் உட்கார்ந்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று நினைத்தேன். அவள் சர்க்கரை போட்டு, கலக்கி, ஒரு கிளாஸை என் கையில் கொடுத்தாள்.

“போன வருசம் பூசாரி கொடத்தக் கவுத்தப்ப என்ன சத்தம் வந்துச்சு தெரியுமா?” என்றாள். “டொக்குன்னு வந்துச்சு. பால் ஊத்துற சத்தமே இல்ல. நாப்பது வருசம்டா.”

நான் ஜூஸைக் குடித்தேன். அவள் கிளாஸை வாங்கிக் கழுவினாள். கழுவிக்கொண்டே கேட்டாள்.

“ரெண்டு பெட்டின்னியே. அந்த லோரிப் பெட்டிக்கு ரிவர்ஸ் கெடையாதா?”

“இருக்கு.”

“அப்ப அதையும் ரிவர்ஸ்ல போடு. ஒருத்தன் பின்னாடி திரும்பி நிக்கிறான்னா, இன்னொரு தடவ திருப்பினா முன்னாடிதானே பார்ப்பான்?”

நான் எழுந்து நின்றுவிட்டேன். இரண்டு பெட்டியையும் பற்றி நான் சொன்ன அத்தனையையும் பூ கட்டிக்கொண்டே கேட்டிருக்கிறாள். நான் உடனே மறுப்புகளை அடுக்கினேன்: பல்சக்கரம் தவறான முகத்தில் ஓடும், சத்தம் வரும், பல் தேயும். அக்கா கையைத் துடைத்துக்கொண்டாள்.

“ஒன்றரை கிலோமீட்டர்லா. ஒலகத்தச் சுத்தவா போறோம்?”

ஓடிப்போய் நோட்டில் கணக்குப் போட்டேன். லோரிப் பெட்டியின் ரிவர்ஸ் அதன் இரண்டாவது கியரைவிட மெதுவானது. அதோடு டிராக்டரின் முதல் கியரைச் சேர்த்தால், எஞ்சினைக் கொஞ்சம் கூட்டி ஓட்டினால், கேட்டிலிருந்து விளக்குக் கம்பத்துக்கு நான்கு நிமிடத்துக்கு மிக அருகில் வந்தது. இரண்டு முறை சரிபார்த்தேன். கையைத் துடைத்துக்கொண்டு மூன்றாம் முறையும் பார்த்தேன்.

இப்போது எலுமிச்சம்பழம் இல்லை. எல்லாம் ஜூஸாகிவிட்டது. மனைவி தொட்டிச் செடியிலிருந்து லீமாவ் கஸ்தூரி நான்கு பறித்துவந்தாள். சம்பால் அரைக்கப் போடுவோமே, கோலிக்குண்டு அளவில், அந்தக் காய். அக்கா அவற்றைச் சக்கரங்களுக்கு முன்னால் வைத்தாள். பார்க்க யாரும் இல்லை. பழைய தலைவர் எப்போதோ போய்விட்டார். லோரிப் பெட்டி ரிவர்ஸ். டிராக்டர் பெட்டி முதல் கியர். கிளட்சை விட்டேன். உள்ளேயிருந்து மெல்லிய ஒரு சிணுங்கல் சத்தம் வந்தது. பிறகு டிராக்டர், யாரோ தூங்கும் குழந்தையை எடுத்துக்கொண்டு நடப்பது போல, முன்னால் நகர்ந்தது. பின்சக்கரத்துக்குக் கீழே லீமாவ் ஒன்று ‘டப்’ என்று வெடித்தது. பிறகு மற்றொன்று. அக்கா கைகொட்டினாள். அறுபத்தொரு வயதுப் பெண் அப்படிக் குதித்து நான் பார்த்ததில்லை.

திருவிழா அன்று காலை எட்டு மணிக்கு ஆற்றங்கரையில் தேரைப் பூட்டினோம். டிராக்டரின் மூக்கில் மாலை, மட்கார்டில் மாவிலை, சந்தனம். அக்கா என்னைக் கூப்பிட்டுத் தன் குடத்தைக் காட்டினாள். பால் கழுத்தின் உள்வளையத்துக்குச் சரியாக இருந்தது. பாத்துக்கிட்டியா என்று கேட்டுவிட்டு, வேப்பிலை செருகி மஞ்சள் துணியால் வாயைக் கட்டினாள். மனைவி மூன்றாவது வரிசையில் இருந்தாள். முதல் வரிசையில் அக்கா, வலக்கையில் குடம், இடக்கையில் கயிறு.

மட்கார்டில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தேன். ஒன்றரைக் கிலோமீட்டரும் நான் பாதையைப் பார்த்ததைவிட அந்தக் கண்ணாடியைத்தான் அதிகம் பார்த்தேன். தேரின் பக்கவாட்டில் மஞ்சள் கயிறு கொஞ்சம் தெரிந்தது. அது ஒரே அளவில் தொய்ந்து ஆடிக்கொண்டு வந்தது. ஒருமுறைகூட விறைக்கவில்லை. மேளக்காரர்கள் இரண்டு பாட்டு வாசித்து முடித்தும் நாங்கள் பாலத்துக்கு வரவில்லை. போன ஆண்டு ஒரு பாட்டு முடிவதற்குள் பாலத்தைத் தாண்டியிருந்தோம். வீட்டு வாசல்களில் தட்டோடு நின்றவர்கள், வண்டி நின்றால்தான் அர்ச்சனை என்ற பழக்கத்தை விட்டு, கூடவே நடந்தபடி தேங்காயைக் கொடுத்து வாங்கிக்கொண்டார்கள். அந்த வேகத்தில் அதற்கு நேரம் இருந்தது.

பாலத்தைத் தாண்டியதும் பழைய தலைவர் டிராக்டரின் பக்கத்தில் வந்து சேர்ந்தார். அதன் மூக்கின்மேல் கையை வைத்துக்கொண்டு, பார்ப்பவர்களிடமெல்லாம் இது நம்ம எஸ்டேட்டு வண்டிதான், பால் தொட்டி இழுத்தது, எனக்கு நல்லாத் தெரியும் என்று சொல்லிக்கொண்டே வந்தார். நான் திருத்தவில்லை. அன்றைக்கு அதை விட்டுவிட்டேன்.

ஒரே ஒரு இடத்தில் நின்றோம். ரப்பர் உலர்த்திய பழைய புகைக்கூடம் இருந்த திருப்பத்தில் யாரோ சின்னக் கார் ஒன்றைப் பாதையோரம் நிறுத்தியிருந்தார்கள். தேர் போக ஒரு முழம் இடம் போதவில்லை. பின்னால் எடுக்க முடியாது. எழுபது குடம் நிற்கிறது. காருக்குள் ஒருவர் பொட்டலம் பிரித்து நாசி லெமாக் சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் சாவியைத் தேடுவதற்குள் பத்துப் பேர் காரை அவரோடும் பொட்டலத்தோடும் தூக்கிப் புல்லில் வைத்துவிட்டார்கள். மனிதர் கண்ணாடியை இறக்கி நன்றி சொன்னார். எதற்கு நன்றி என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. அந்த நேரத்தில் பின்னாலிருந்து அக்காவின் குரல் கேட்டது. வரிசையை விட்டு முன்னால் வந்து வேடிக்கை பார்த்த யாரையோ அதட்டிக்கொண்டிருந்தாள்.

கோயில் வாசலில் எஞ்சினை நிறுத்தியபோது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். என் கணக்கைவிட ஆறு நிமிடம் அதிகம். காரைத் தூக்கிய நேரத்தைக் கழித்தால் மூன்று.

அந்தப் பல்சக்கரம் இன்னும் எதிர்ப்பக்கத்தில்தான் இருக்கிறது. தீபாவளிக்குப் பிறகு பிரித்துச் சரியாகப் பூட்டுவதாக நோட்டில் எழுதியிருந்தேன். அக்கா அதைப் படித்துவிட்டு, அடுத்த திருவிழா முடியும்வரை அதுமேல கைய வச்சே, பாரு என்று சொல்லிவிட்டாள். தவறாகப் பூட்டியது என்று தெரிந்தே ஒரு பொருளை வீட்டில் வைத்திருப்பது எனக்கு இதுதான் முதல் முறை. தூக்கம் கெடும் என்று பயந்தேன். கெடவில்லை.

அன்று நான் கால் கழுவிக்கொண்டு உள்ளே போனபோது அபிஷேகம் தொடங்கியிருந்தது. அக்கா குடத்தை இறக்கிக் கையில் வைத்துக்கொண்டு, பூசாரி கேட்டும் கொடுக்காமல், கூட்டத்துக்குள் என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். பார்த்ததும் தலையசைத்துக் கூப்பிட்டாள். கிரீஸ் கையோடு எல்லோரையும் தாண்டிப் போவது கூச்சமாக இருந்தது. போனேன். அவள் மஞ்சள் துணியை அவிழ்த்து, வேப்பிலையை ஒதுக்கினாள். வெள்ளையாக, அசையாமல், கழுத்தருகே பால் நின்றது. நான் குனிந்து பார்த்தேன். பழக்கம், என்னால் வேறு மாதிரி பார்க்க முடியாது. உள்வளையத்துக்கு ஒரு விரல் கீழே இருந்தது.

“ஒரு வெரல் கொறையுதே,” என்றேன்.

“அது நான் திரும்பி அவனத் திட்டினதுலடா. ஒன் வண்டில இல்ல,” என்று சொல்லிவிட்டு அக்கா குடத்தைப் பூசாரியிடம் கொடுத்தாள். அவர் கவிழ்த்தார். அது ஊற்றி முடிய நெடுநேரம் ஆனது. அக்கா கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.